மினிட்ஸில் ஏறிய கொலை

எங்கள் போதகர் மூன்று நாள் மாநாட்டுக்குப் போய், கழுத்தில் அட்டையும் கையில் கோப்புமாகத் திரும்பி வந்தார். விளையாட்டு உலகத்துக்குள் சபை எப்படி நுழைவது என்பதுதான் மாநாட்டின் தலைப்பு. அதுவரை அவருக்குத் தெரிந்த விளையாட்டு, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் நாற்காலியைச் சுற்றி ஓடுவது மட்டும். மூன்றே நாளில் நிபுணராகிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் நின்று, "கம்ப்யூட்டர்ல கேம் ஆடுறவங்க, காமிக்ஸ் படிக்கிறவங்க, பகடை உருட்டுறவங்க, இவங்க எல்லாரையும் நம்ம சபை நேசிக்குது. இவங்க இதுவரைக்கும் ஒளிஞ்சு வாழ்ந்தாங்க. இனிமே வெளிச்சத்துக்கு வரணும். இங்க அப்படி யாராவது இருந்தா கை தூக்குங்க" என்றார்.

நான் கை தூக்கினேன். என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களை வரிசையாக நிற்க வைத்தால் அந்தக் கைதான் முன்னால் நிற்கும்.

நான் லிப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டவர்களிடம் வாரம் முழுக்க வசவு வாங்குகிறவன். சனிக்கிழமை மதியமானால் சபைக் கட்டடத்தின் பின்பக்கச் சாமான் அறையில், கால் உடைந்த நாற்காலிகளுக்கும் பழைய மைக் ஸ்டாண்டுகளுக்கும் நடுவே, நாங்கள் நாலு பேர் மூன்று வருடமாகக் கதை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தோம். ஆளுக்கு ஒரு பாத்திரம். நான் கதை நடத்துகிறவன். "கோட்டை வாசல்ல நிக்கிறீங்க, காவல்காரன் ஈட்டியை நீட்டுறான், என்ன பண்றீங்க?" என்று கேட்பேன். அவரவர் தன் பாத்திரமாகவே பேசிப் பதில் சொல்ல வேண்டும். காரியம் பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும். நர்ஸ் அக்கா ஒருவர், கோடரி வைத்திருக்கும் இருநூறு வயதுக் குள்ளச்சி. பள்ளி வேன் டிரைவர் ஒருவர், மந்திரவாதி. நாலாவது ஆள் என் தம்பி. அவன் திருடன். அந்தத் திருடனுக்கு நிழல் என்று பெயர்.

தம்பி, பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறான். அடுத்தவர் வாய்க்கு அளவாகப் பல் கட்டிக் கொடுப்பவனுக்குத் தன் வாய் ஒத்துழைக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே திக்குவாய். முதல் எழுத்திலேயே நின்றுவிடும், முகம் சிவக்கும், கழுத்து நரம்பு புடைக்கும். அந்த எழுத்தைத் தாண்டுவதற்குள் கேட்டவர் கடிகாரத்தைப் பார்த்துவிடுவார். பதினோரு வருடமாகச் சபை உறுப்பினன், ஒரு ஜெபம் சத்தமாகச் செய்ததில்லை. எழுந்து, கடவுள் தனக்குச் செய்ததைச் சாட்சி சொல்லும் நேரம் வந்தால் கழிவறைக்குப் போய்விடுவான். அவனுக்குச் சர்க்கரை வியாதி என்று சபையில் பாதிப் பேர் நம்பி, அதற்காக ஜெபித்துக்கொண்டும் இருந்தார்கள்.

நிழலுக்குத் திக்காது. முதல் நாள் விளையாட்டிலேயே நிழல், தான் அரசருக்கு முடி வெட்ட வந்தவன் என்று காவல்காரனிடம் எட்டு நிமிடம் தங்குதடையில்லாமல் பொய் சொன்னான். நர்ஸ் அக்கா என்னைப் பார்த்தார். நான் பகடையைப் பார்த்தேன். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினால் நின்றுவிடுமோ என்ற பயம். மூன்று வருடமும் அந்தப் பயம் எங்களுக்கு இருந்தது. வாரத்தில் மூன்று மணி நேரம் என் தம்பி பேசுவான், சிரிக்க வைப்பான், சண்டை போடுவான். எனக்கு அது போதுமாக இருந்தது.

கை தூக்கிய அடுத்த வாரமே பொழுதுபோக்குப் பரிசோதனைக் குழு என்று ஒன்று அமைந்தது. தலைவர் போதகர். அடுத்தவர் சபையின் நிரந்தரச் செயலாளர். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுதி வைக்காத எதையும் நம்ப மாட்டார், வெளியே பெய்யும் மழை உட்பட. மூன்றாவது ஆள் சபை இளைஞர்களைக் கவனிக்கும் ஊழியர். கையில் மைக் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் எல்லோருக்கும் மைக் அண்ணன்.

முதலில் பதினான்கு பக்கப் படிவம் வந்தது. பாத்திரத்தின் பெயர், வயது, ஞானஸ்நானம் பெற்ற தேதி, முன்பு இருந்த சபை, அங்கிருந்து விலகிய காரணம்.

"இந்தக் குள்ளம்மா எந்தச் சபை?" என்று செயலாளர் நர்ஸ் அக்காவைக் கேட்டார்.

"ஐயா, அது கற்பனை."

"கற்பனைன்னு ஒரு சபை நம்ம பட்டியல்ல இல்லையேம்மா."

மந்திரவாதி கூடவே கூடாது என்றார்கள். இரண்டு கூட்டம் விவாதித்து, வேன் டிரைவரை வரம் பெற்ற எலக்ட்ரீஷியனாக மாற்றினார்கள். அவர் மந்திரத்தால் வீசும் நெருப்புப் பந்து இனி மின்கசிவு என்று அழைக்கப்படும். பகடை பற்றி மூன்று கூட்டம் நடந்தது. அதிர்ஷ்டத்தை நம்புவது பாவம், ஆனால் சீட்டுப் போடுவது வேதத்திலேயே இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு முறை உருட்டும் முன்பும் ஜெபித்துவிட்டு உருட்டலாம் என்று தீர்மானமானது. அதன்பின் ஒரு சிலந்தியை அடித்துக் கொல்ல எங்களுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாற்பத்தொரு ஜெபம். கடைசியில் எனக்கே அந்தச் சிலந்தி மேல் இரக்கம் வந்துவிட்டது.

டிராகன் விஷயத்தில் போதகரே நேரடியாகக் கவலைப்பட்டார். "அதைக் கொல்றதுக்கு முன்னாடி அதுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்தீங்களா?" என்று கேட்டார். மூன்று முறை எச்சரிக்க வேண்டும், அதில் ஒன்றாவது எழுத்தில் இருக்க வேண்டும் என்று செயலாளர் சேர்த்துக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தம்பிக்கு அந்த அறை வேண்டும், அந்த மேசை வேண்டும். டிராகனுக்கு நோட்டீஸ் கொடுத்தால்தான் அது நடக்கும் என்றால் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை குழு நேரில் பார்வையிட வந்தது. மூன்று நல்ல நாற்காலிகளை அவர்களே கொண்டுவந்து போட்டுக்கொண்டார்கள். செயலாளர், கூட்டத்தில் நடப்பதையெல்லாம் பதிவு செய்யும் மினிட்ஸ் புத்தகத்தை மடியில் விரித்து, தேதி போட்டு, அடிக்கோடு இட்டார்.

அன்றைக்கு நான் யோசித்து வைத்திருந்தது சாதுவான கதை. யாருக்கும் காயமில்லாமல் ஒரு ஊரைக் கடந்து போய்விடுவதாக இருந்தது. ஊரின் எல்லைக்கு வந்ததும் தம்பி கையைக் காட்டி நிறுத்தினான். நிழலின் குரலில் கேட்டான்: "அன்னைக்குக் கோட்டைல நான் குத்தினேனே, ஒரு காவல்காரன், அவனோட பொண்டாட்டி இந்த ஊர்தானே?"

அது இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆட்டம். நிழல் கோட்டையிலிருந்து தப்பிக்கும்போது குறுக்கே நின்ற ஒருவனைக் குத்தினான். பகடையில் இருபது விழுந்தது, நாங்கள் எல்லோரும் கை தட்டினோம், அடுத்த கதவுக்குப் போய்விட்டோம். அந்தக் காவல்காரனுக்கு நான் பெயர்கூட வைக்கவில்லை. ஆமாம், இந்த ஊர்தான் என்று சொல்லிவைத்தேன். நிழல் அவள் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"அம்மா, உங்க வீட்டுக்காரரைக் கொன்னது நான்தான். அவர் எனக்கு ஒரு கெடுதலும் பண்ணல. வழியில நின்னார், அவ்வளவுதான். அன்னைக்கு எங்ககூட இருந்தவங்க சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அதுக்கப்புறம் எந்தக் கதவைத் திறந்தாலும் அங்க அவர்தான் நிக்கிறார். மன்னிச்சிடுங்கன்னு கேக்க எனக்கு யோக்கியதை இல்ல. கேக்காம இருக்கவும் முடியல. நீங்க என்னை அடிங்க, ஆளுங்களைக் கூப்பிடுங்க, என்ன வேணா செய்யுங்க. நான் இங்கயேதான் நிக்கப் போறேன்."

ஒரு எழுத்து தடுக்கவில்லை. நான் அந்த விதவையாகப் பதில் சொல்ல வேண்டும். வேன் டிரைவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கடைசியில், "உள்ள வாப்பா, தண்ணி குடி" என்று மட்டும் சொன்னேன். இந்தச் சபையில் வாராவாரம் கீபோர்டு பின்னணியோடு எத்தனையோ மனந்திரும்புதலைக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை.

போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதை மறைக்காமல் சொல்கிறேன். செயலாளர் பேனாவை மூடிவிட்டு, எழுதியதை வழக்கப்படி வாசித்தார்.

"சகோதரர், தாம் ஒரு காவலாளியைக் குத்திக் கொன்றதாகவும், அதற்காகச் சிரித்ததாகவும், குழுவின் முன்னிலையில் ஒப்புக்கொண்டார்."

"ஐயா, அது அவன் இல்ல. நிழல்" என்றேன்.

"பேசினது யாரு? உங்க தம்பி வாய்தானே?"

"வாய் அவன் வாய்தான். பேசினது பாத்திரம்."

"பாத்திரம் சபை உறுப்பினரா?"

"இல்ல."

"உறுப்பினர் இல்லாதவங்க பேச்சை மினிட்ஸ்ல ஏத்த விதியில இடம் இல்ல. ஆனா இது மினிட்ஸ்ல ஏறியிருக்கு. அப்ப பேசினது உறுப்பினர்தான்."

மினிட்ஸைத் திருத்த வேண்டுமென்றால் வருடாந்திரப் பொதுக்கூட்டம் வர வேண்டும். அதற்கு ஒன்பது மாதம் இருந்தது. கொலை பதிவான உறுப்பினர், சபை முன்னால் வாயால் அறிக்கையிட்டு மனந்திரும்பும் வரை அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்தில் பங்கு பெறக் கூடாது. இந்த விதி எழுபது வருடமாகப் புத்தகத்தில் இருக்கிறதாம், இதுவரை பயன்படும் சந்தர்ப்பம் வரவில்லையாம். செயலாளர் அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பூரிப்பு இருந்தது.

திருவிருந்து என் தம்பிக்கு என்ன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சபையில் எல்லாவற்றுக்கும் வாய் வேண்டும். பாட, ஜெபிக்க, சாட்சி சொல்ல, ஆமென் சொல்லக்கூட. மாதத்தில் ஒரு முறை அந்த மேசைக்கு முன்னால் போய் நின்றால் மட்டும் கையை நீட்டினால் போதும். அப்பத்தைக் கையில் வைத்துவிடுவார்கள், ஒன்றும் கேட்க மாட்டார்கள். அந்த ஞாயிறுகளில் அவன் காலையிலேயே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்துவிடுவான்.

போதகரை அவருடைய அறையில் போய்ப் பார்த்தேன்.

"உங்க தம்பி யாரையும் கொல்லலன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "நல்லாத் தெரியும். ஆனா எனக்குத் தெரிஞ்சதை வச்சு சபை நடத்த முடியுமா? ஆளாளுக்கு உண்மையைப் பேச ஆரம்பிச்சா ஒழுங்கு என்னாகிறது?" பிறகு கோப்பைத் திறந்து ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "அடுத்த மாசம் விளையாட்டாளர் ஞாயிறு வைக்கிறோம். முந்நூறு பேருக்கு அழைப்பு. ஒரு விளையாட்டாளர் மேடையேறி மனந்திரும்பினா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க. மாநாட்டுல சொன்னாங்க, இந்த மாதிரி ஆட்களை நாம முதல்ல காது கொடுத்துக் கேக்கணும்னு. அவர் என்ன சொல்லணும்னு நாங்களே எழுதி வச்சிட்டோம்."

காகிதத்தில் ஒன்பது வரி இருந்தது. "நான், கற்பனை உலகத்தில் செய்த மெய்யான கொலைக்காக" என்று தொடங்கியது.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் கொடுத்தேன். ரொம்ப நேரம் படித்தான். பிறகு, "நி... நி... நிழல் சொல்லலாமா?" என்று கேட்டான்.

நியாயமான கேள்விதானே. கொன்றவன் நிழல், அழுதவன் நிழல், அவனே வந்து சொல்லட்டும். குழுவிடம் விண்ணப்பம் கொடுத்தேன். நாற்பது நிமிடம் விவாதித்தார்கள். உறுப்பினர் அல்லாத ஒருவருக்குப் பிரசங்க மேடையில் பேச உரிமை இல்லை, அதிலும் திருடருக்கு, என்று ஒருமனதாகத் தீர்மானம் வந்தது. நிழல் உறுப்பினராகச் சேர விரும்பினால் ஆறு மாத வகுப்புக்கு வரலாம் என்று மைக் அண்ணன் ஆதரவாகச் சொன்னார்.

அங்கேயே நான் தம்பியைக் கூட்டிக்கொண்டு வேறு சபை பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. "ஒம்போது வரிதான்டா. ஒரு நிமிஷம். கண்ணை மூடிட்டுப் படிச்சிட்டு வந்துடு. அதுக்கு அடுத்த வாரமே திருவிருந்து" என்றேன். என் வாயால் நானே சொன்னேன். அவன் மூன்று வாரம் தினமும் கண்ணாடி முன்னால் நின்றான். இரண்டாவது வரி வரை போனான்.

விளையாட்டாளர் ஞாயிறன்று மேடையில் அட்டையில் செய்த கோட்டை நின்றது. எல்லோருக்கும் புள்ளி அட்டை கொடுத்தார்கள். நேரத்துக்கு வந்தால் ஐந்து புள்ளி, முன் வரிசையில் உட்கார்ந்தால் பத்து, பிரசங்கத்தைக் கடைசிவரை கேட்டால் இருபது. போதகர் தன் பிரசங்கத்தைத் தானே கடைசிவரை கேட்டதால் ஒரே நாளில் மூன்று நிலை உயர்ந்தார். அழைத்தது முந்நூறு பேரை, புதிதாக வந்தவர்கள் ஆறு பேர். அதில் இருவர் பக்கத்துக் கட்டடத்துக் கல்யாணத்துக்கு வந்தவர்கள், நாற்காலி வசதியாக இருந்ததால் உட்கார்ந்துவிட்டார்கள்.

தம்பியைக் கூப்பிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு கோட்டைக்கு முன்னால் போய் நின்றான். திரையில் ஒன்பது வரியும் பெரிய எழுத்தில் வந்தன. மைக் அண்ணன் தன் மைக்கை அவனிடம் கொடுத்தார். அவர் அதை இன்னொருவருக்குக் கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"நா... நா... நா..."

அது அழுகை என்று நினைத்து மைக் அண்ணன் கீபோர்டில் போய் உட்கார்ந்து மெதுவாக வாசிக்கத் தொடங்கினார். "நா... நா..." பின்னால் யாரோ ஆமென் சொன்னார்கள். கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு நிமிடம் போயிற்று. போதகர் சபையைப் பார்த்து, "நம்ம சகோதரருக்கு எல்லாரும் உதவி பண்ணுவோம்" என்றார். சபை முழுவதும் சேர்ந்து "நான்" என்றது. அவன் திணறினான். மறுபடியும் இருநூறு பேர் "நான்" என்றார்கள். கை தட்டிக்கொண்டே சொன்னார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்களும் சொன்னார்கள். பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதுபோல், அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்பை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

நாலு நிமிடம் அது நடந்தது. நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் அவன் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கலாம். இதோ இப்போது வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று உட்கார்ந்தே இருந்தேன். தம்பி மைக்கைக் கோட்டைச் சுவரின் மேல் வைத்தான். அட்டைச் சுவர் சரிந்தது. அவன் படி இறங்கி, என்னைத் தாண்டி, வாசலைத் தாண்டிப் போய்விட்டான்.

ஆராதனை முடிந்ததும் செயலாளர் வாசித்தார்: "சகோதரருக்கு மனந்திரும்ப நான்கு நிமிடம் வாய்ப்பு அளிக்கப்பட்டது. அவர் அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. தடை தொடர்கிறது."

அப்போதுதான் எனக்கு எழுந்திருக்க வந்தது. "அவனுக்குத் திக்குவாய் ஐயா" என்றேன்.

செயலாளர் கோபப்படவில்லை. பையிலிருந்து பழைய கோப்பை எடுத்து, தம்பியின் பதினோரு வருடத்துக்கு முந்தைய உறுப்பினர் படிவத்தைத் தேடிப் பிடித்தார். "உடல் குறைபாடுன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல இல்லைன்னு போட்டிருக்கே தம்பி. இது உங்க கையெழுத்துதானே?"

என் கையெழுத்துதான். அவன் சார்பில் படிவத்தை நான்தான் நிரப்பினேன். அவனை யாரும் வித்தியாசமாகப் பார்க்கக் கூடாது என்று நினைத்து அப்படிப் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பின்பக்க அறைக்குப் புதுப் பூட்டு தொங்கியது. அட்டைக் கோட்டையை வைக்க வேறு இடம் இல்லையாம். போதகர் அடுத்த மாநாட்டில் எங்கள் சபையின் அனுபவத்தைப் பற்றிப் பேசப் போவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.

திருவிருந்து ஞாயிறன்று தம்பி சட்டையை எடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்து நர்ஸ் அக்காவும் வேன் டிரைவரும் வீட்டுக்கு வந்தார்கள். சமையலறை மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தோம். மந்திரவாதி மறுபடியும் மந்திரவாதி ஆனார், முதல் நெருப்புப் பந்திலேயே ஒரு பாலத்தை எரித்தார். அக்கா சத்தமாகச் சிரித்தார், வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். தம்பியும் சிரித்தான். எனக்கு உயிர் வந்தது.

பாலம் போய்விட்டதால் ஆற்றை ஓடத்தில் கடக்க வேண்டும். ஓடக்காரனைக் கொண்டுவந்தேன். ரொம்ப லேசான இடமாகப் பார்த்துத்தான் தம்பிக்குக் கொடுத்தேன்.

"ஓடக்காரன் துடுப்பை நிறுத்திட்டு உன்னைப் பாக்கிறான். யாருப்பா நீன்னு கேக்கிறான்."

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். நிழல் பேசும்போது உட்காருவானே, அதே மாதிரி தோளைத் தளர்த்திக்கொண்டான்.

"நா... நா..." என்றான் நிழல்.

வேன் டிரைவர் பகடையைக் கையில் எடுத்தார், பிறகு கீழே வைத்துவிட்டார். அக்கா எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தார். தம்பியின் கழுத்தில் நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது. அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவசரம் இல்ல, ஓடக்காரன் நிக்கிறான்" என்றேன். அவனை எவ்வளவு நேரம் நிறுத்தி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.